பாலத்து லிப்டில் ஏறியவர்கள்

நாள் முழுக்க ஏறியும் இறங்கியும் எங்கேயும் போய்ச் சேராத உத்தியோகம் ஒன்று உண்டென்றால் அது லிப்ட் ஓட்டுவதுதான். கண்டக்டர்களே, கேட் கீப்பர்களே, அடுத்தவரை அனுப்பிவிட்டு நின்ற இடத்திலேயே நிற்கும் ஜீவன்களே, உங்களுக்குத்தான் என் கஷ்டம் புரியும்.

செல்லூர்ச் சந்துகளுக்கும் கடைவீதிக்கும் நடுவே தண்டவாளம். அதற்கு மேலே நடைபாலம். கடைவீதிப் பக்கம் பாலம் சரிவாக இறங்கிவிடும். எங்கள் பக்கம் அதற்கு இடமில்லை. அதனால் செங்குத்தான படிக்கட்டும், பக்கத்திலேயே இரும்பு மடக்குக் கதவு போட்ட ஒரு கிழட்டு லிப்டும். இந்த வாரத்தோடு அதைக் கழற்றுகிறார்கள். பொத்தானை அமுக்கினால் தானாகவே ஓடும் புது லிப்ட் வருகிறது. அதற்கு ஆள் தேவையில்லை.

மூட்டைக்கு வந்த லிப்ட்

முதலில் இது மனிதருக்கான லிப்டே இல்லை. நெசவுக்காரர்கள் சேலை மூட்டைகளோடு படியேற முடியவில்லை என்று முறையிட்டு வாங்கியது. மூட்டை லிப்டில் போகும். கொண்டுவந்தவர் படியேறிப் போய் வாங்கிக்கொள்ள வேண்டும். எனக்கு முன்னால் இருந்த சுந்தரம் அண்ணன்தான் இந்தக் கதையெல்லாம் சொல்வார்.

ஒருநாள் ஒரு நெசவாளியின் மனைவிக்கு வலி எடுத்துவிட்டது. ஆஸ்பத்திரி அந்தப் பக்கம். அண்ணன் சட்டம் பார்க்கவில்லை. மூட்டைகளின் மேலேயே அவளை உட்கார வைத்து ஏற்றிவிட்டார். தாயும் பிள்ளையும் நலம். ஆனால் மறுநாள் மேஸ்திரி வந்து, ஆளை ஏற்ற யார் அனுமதி கொடுத்தது என்று குதித்திருக்கிறார். பிள்ளை பெற்ற சந்தோஷத்தில் நின்ற அந்த நெசவாளிதான் கேட்டாராம்: "சேலைக்கு லிப்ட் இருக்கு, அதக் கட்டுறவளுக்கு இல்லையா சார்?"

வாசலில் செருப்பு

வேலைக்கு வந்த புதிதில் லிப்டுக்குள் ஒரு மீனாட்சி படம் மாட்டி, தினமும் பூ வைப்பேன். லிப்ட் கயிறு பழசு, பயம் எனக்கு. திருவாதவூரிலிருந்து கல்யாண ஜவுளி எடுக்க ஒரு குடும்பம் வந்தது. மேலே போய்க் கதவைத் திறந்துவிட்டேன். இறங்கியவர்கள் சித்திரை வெயிலில் கால் வைக்க முடியாமல் துள்ளுகிறார்கள். பார்த்தால் அத்தனை பேரும் வெறுங்கால். செருப்பெல்லாம் கீழே லிப்ட் வாசலில் ஜோடி ஜோடியாகக் கிடக்கிறது.

லிப்டில் ஏறுவதற்கு யாராவது செருப்பைக் கழற்றுவார்களா என்று நான் சிடுசிடுத்தேன். எனக்கு அப்போதெல்லாம் மூக்குக்கு மேல் கோபம் வரும். கல்யாணப் பெண்ணின் அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உள்ள ஆத்தாள வச்சுப் பூவும் போட்டுட்டு, செருப்போட ஏறுன்னா எப்புடிய்யா ஏறுறது?"

இறங்கிப் போய் அள்ளிக்கொண்டு வந்தேன். வேறென்ன செய்ய?

மாமன் சீர்

திருமங்கலத்திலிருந்து காதுகுத்துக்குச் சீர் கொண்டுவந்தார்கள். தட்டுகள், கொம்பில் மாலை சுற்றிய ஒரு கிடா, கூட இரண்டு தாய்மாமன்கள். தட்டையும் கிடாவையும் ஏற்றியபின் ஒரு ஆளுக்குத்தான் இடம். சீரோடு முதலில் போவது மூத்த மாமனா, இளைய மாமனா? பேச்சு வளர்ந்து பழைய சொத்துத் தகராறு வரைக்கும் போய்விட்டது. கிடா கதவை முட்ட ஆரம்பித்தது. பொறுக்க மாட்டாமல் கதவைச் சாத்தி, கிடாவோடு நானே மேலே போய்விட்டேன்.

அங்கே இளைய மாமன் மூச்சு வாங்க நிற்கிறார், படியேறி ஓடி வந்திருக்கிறார். சீரையும் கிடாவையும் அவரிடம் ஒப்படைத்துவிட்டு இறங்கினால், மூத்தவர் தோளில் துண்டோடு தனியாக நிற்கிறார். கண் கலங்கியிருந்தது. பாவமாக இருந்தது எனக்கு. "கெடாவும் போயிருச்சு, தம்பியும் போயிட்டான். இனி நான் லிப்டுல வந்தா என்ன, ஊருக்குப் போனா என்னண்ணே?"

மும்தாஜ் கேட்டது

மும்தாஜுக்குச் சின்ன வயதிலேயே போலியோ. ஒரு காலில் இரும்புப் பட்டை, கையில் ஊன்றுகோல். அந்தப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சேலைக்கு ஃபால்ஸ் தைக்கிறாள். தினமும் என்னோடுதான் ஏற்றம், என்னோடுதான் இறக்கம். ரம்ஜான் என்றால் என் வீட்டுக்கு நோன்புக் கஞ்சி வந்துவிடும்.

பழையதைப் பழுது பார்ப்பதா, புதுசு வைப்பதா என்று கேட்க இன்ஜினியர் வந்தார். பழையதே போதும் என்று சொல்லச் சொல்லி எல்லோரிடமும் முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தேன். மும்தாஜிடம் மட்டும் கேட்கவில்லை. அவள் எனக்காகத்தான் பேசுவாள் என்று அவ்வளவு நம்பிக்கை. அவள் என்னைப் பார்க்காமல் அவரிடம் சொன்னாள்: "அண்ணன் லீவு போட்டா அன்னைக்கு எனக்கும் பொழப்பு இல்ல சார். அந்தக் கதவ என்னால இழுக்க முடியாது. நானே ஏறி நானே எறங்குற மாதிரி ஒண்ணு வச்சுக் குடுங்க."

கோபம் வந்தது. ரெண்டு நாள் முகம் கொடுத்துப் பேசாமல் ஏற்றி இறக்கினேன். அப்புறம் யோசித்துப் பார்த்தேன். நான் லீவு போட்டுவிட்டுப் பொங்கிச் சாப்பிட்ட நாட்களிலெல்லாம் அவள் படிக்கட்டு வரை வந்து, நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறாள். ஒரு தடவைகூட என்னிடம் குறை சொன்னதில்லை. அவள் கேட்டது நியாயம். எனக்கு வலித்ததும் உண்மை.

எனக்கு வேலை போகவில்லை. மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் ரூமுக்கு மாற்றியிருக்கிறார்கள். தண்ணீர் சண்டை போடாது, கஞ்சியும் கொண்டுவராது.

நேற்று சாயங்காலம் மும்தாஜைக் கீழே இறக்கிவிட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவளுக்கும் சட்டென்று நகர மனசில்லை. "அண்ணே, புதுசுல ஒரு நாள் வாங்க. நான் பொத்தான அமுக்குறேன், நீங்க சும்மா நில்லுங்க."

இத்தனை வருஷம் பாலத்தின் வாசல் வரைக்கும் மட்டுமே ஏறி இறங்கிய நான், அவள் தயவில் ஒருநாள் அந்தப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வரப்போகிறேன்.