மரத்துக்காரி எங்க?

மரத்தில் காதை ஒட்டி வைத்து முகைதீன்பாவா ஒரு கையை உயர்த்தினால் வீட்டு வளவில் ஒருவரும் இருமக்கூடாது. மறு கையிலுள்ள மரச்சுத்தியலால் ஒரு தட்டு. காது நகரும். இன்னொரு தட்டு. பொந்து இருந்தால் கம்பியை விட்டு ஆழம் பார்த்து, வெளியே எடுத்த நுனியை மோந்து பார்ப்பார். மூக்கைச் சுருக்கினால் மரத்துக்கு ஆபத்து. கடைசியாக வேர்ப்பக்கம் குந்தி மண்ணைக் கிளறுவார். வெற்றிலை அதற்குப் பிறகுதான்.

நிந்தவூரில் அவருக்கு மரப்பரிசாரி, அதாவது மர வைத்தியர், என்று பெயர். இருபது வருடம் காட்டில் மரம் விழுத்தியவர். எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளிக்குப் பிறகு ஊரே மரத்தைக் கண்டு நடுங்கி, தப்பி நின்றவற்றையும் மொட்டையடிக்கக் கிளம்பியபோது மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது. "காய்ச்சலுக்குத் தலைய வெட்டுறயா?" என்று வீடுவீடாகச் சத்தம் போட்டவர், அப்படியே தொழிலையும் மாற்றிக்கொண்டார். ஆனால் முகதாட்சணியம் பார்க்கமாட்டார். பழுதென்றால் பழுதுதான். நான் பெருமையாகக் காட்டிய முருங்கையை அவர் தட்டிக்கூடப் பார்க்கவில்லை. "இது மரமில்ல சேர், கறி" என்றுவிட்டுப் போய்விட்டார்.

அவருடைய ஒரு பழக்கம் ஆண்களுக்குப் பிடிப்பதில்லை. எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்ணுக்குப் போகும் சொத்து. கணவன் வந்து குடியிருப்பவன். ஆகவே எவ்வளவு பெரிய முதலாளி அழைத்தாலும், "மரத்துக்காரி எங்க?" என்று கேட்டு, கதவுக்குப் பின்னால் நிற்கும் பெண்ணிடம்தான் முடிவைச் சொல்வார்.

போன மாதம் பக்கத்து வளவில், காலிதீனின் மகள் நஸீறாவுக்குச் சீதன வீடு கட்ட மேசன் இராசதுரை முளையடித்து அத்திவாரக் கயிறு கட்டினார். கயிறு நேரே மாமரத்தில் போய் முட்டியது. சூறாவளியில் அந்த வளவில் விழாமல் நின்றது அது ஒன்றுதான். வெட்டவேண்டும் என்று தகப்பன் சொன்ன நாளிலிருந்து மகள் சோற்றைத் தொடவில்லை. மரம் பழுது என்று பரிசாரி வாயால் சொல்லிவிட்டால் அவள் அடங்கிவிடுவாள் என்பது காலிதீனின் கணக்கு. வேடிக்கை பார்க்க நானும் போயிருந்தேன்.

தட்டினார், மோந்தார், கிளறினார்.

"பழுதுதானே காக்கா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டுக் காலிதீன் கண்ணைச் சிமிட்டினார்.

"மரத்துக்காரி எங்க?"

"நான்தானே ஒங்களக் கூப்பிட்ட!"

"கூப்பிட்ட நீங்கதான் தம்பி. வளவு ஆருட?"

காலிதீன் தலையைச் சொறிந்தார். "மகளுக்கு எழுதியாச்சு."

பரிசாரி கதவுப்பக்கம் திரும்பினார். "மகள், மரம் நல்ல சுகமா இரிக்கி. ஒங்கட பேரப்புள்ளயளும் இதுல மாங்கா தின்னும். ஆனா சுவர எட்டடி உள்ளுக்கு எடுக்கணும். கிட்டக் கட்டினா வேர் அறுந்து மரமும் போகும், சுவரும் வெடிக்கும். எட்டடி எடுத்தா மூணு அறையில ஒண்டு இல்லாமப் போகும். இதையும் ஒளிக்காமச் சொல்லோணும். யோசிச்சுச் சொல்லுங்க."

"மாப்பிள்ள ஊட்டார் என்ன கதைப்பாங்க?" என்று காலிதீன் குரலை உயர்த்தினார்.

கதவு திறந்தது. கலியாணம் பேசிய பெண் இத்தனை ஆண்கள் நிற்கும் இடத்துக்கு வருவாள் என்று ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நஸீறா நேரே போனாள். கயிறு கட்டிய முளையைப் பிடுங்கி, அடி வைத்து எட்டு எண்ணி, அங்கே ஊன்றினாள்.

"ரெண்டு அறை காணும் வாப்பா, மூணாவது வேணாம்."

எனக்குக் கைதட்டவேண்டும் போலிருந்தது; அடக்கிக்கொண்டேன். யார் சொல்லைக் கேட்பது என்று தெரியாமல் இராசதுரை தகப்பனையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். கயிறு கோணலாகத் தொய்ந்து கிடந்தது.

முகைதீன்பாவா சாரனை மடித்துக் கட்டினார். மறுபக்கத்து முளையைப் பிடுங்கி, தானும் எட்டடி எண்ணி, நஸீறாவுக்கு நேரே குந்தி, கயிற்றை விறைப்பாக இழுத்துப் பிடித்தார்.