கொட்டகை வாசலில் நின்ற நர்ஸ்

வெர்னா லிண்ட்க்விஸ்ட் ஒரு நாள்கூட நர்சாக வேலை பார்த்ததில்லை. லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு சலவைக்கூடத்தில் சட்டைக் காலர்களுக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தவள் அவள். ஊரே வேலையில்லாமல் தர்ம சூப்புக்கு வரிசையில் நின்ற அந்தக் கெட்ட காலத்தில் சலவைக்கூடமும் மூடிவிட்டது. சினிமாக் கூட்டத்தில் ஒருத்தியாக நிற்கிற வேஷமாவது கிடைக்காதா என்று ஸ்டூடியோ ஸ்டூடியோவாக நடையாய் நடந்தாள். ரொம்ப உயரம் என்று திருப்பி அனுப்பினார்கள்.

அந்த உயரமும், எதற்கும் பதறாத அந்த நீள முகமும்தான் மெயின் தெருக் கொட்டகை மேனேஜர் கில்ராய்க்குப் பிடித்துப்போயின. ஏரியில் மூழ்கிச் செத்தவன் எழுந்து வருகிற பேய்ப்படம் ஒன்று அங்கே வரவிருந்தது.

"நீ ஒண்ணுமே செய்ய வேணாம்மா. வெள்ளை உடுப்பப் போட்டுக்கிட்டு வாசல்ல நில்லு, போதும். உள்ள என்னமோ நடக்கப்போகுதுன்னு ஜனங்களுக்கு வயித்தக் கலக்கணும்."

"நெஜமாவே யாராவது விழுந்துட்டா, சார்?"

"விழறதுக்குத்தான் பெர்ல் இருக்காளே!"

பெர்ல் ஸ்டூடியோ வாசலில் வெர்னாவோடு கால் கடுக்க நின்றவள். திரையில் தண்ணீரிலிருந்து பிணத்தின் கை மேலே வரும்போது வீலென்று அலறிச் சாய்வதுதான் அவளுக்கு வேலை. வெர்னா ஓடிப்போய் மூக்கருகே மயக்கம் தெளிவிக்கிற நெடி உப்புக் குப்பியைக் காட்டி, இரண்டு ஆட்களோடு ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு வருவாள். அடுத்த காட்சிக்காக வெளியே நிற்கிற கூட்டம் அதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொள்ளும். பின்கட்டுக்குப் போனதும் பெர்ல் எழுந்து உட்காருவாள்.

"ஏண்டி, அந்தக் குப்பியக் கொஞ்சம் தள்ளிப் பிடிச்சா என்ன? மூக்கு அவிஞ்சு போகுது!"

வெர்னாவுக்கு அந்த உடுப்பு மெல்ல ஒட்டிக்கொண்டது. தெருவில் ஆண்கள் தொப்பியைத் தொட்டு வழிவிட்டார்கள். பல்வலிக்காரர் ஒருவர் வைத்தியம் கேட்டபோது கொஞ்சமும் கூசாமல் கிராம்பை வைத்துக் கடிக்கச் சொன்னாள்.

ஒரு சனிக்கிழமை பகல் காட்சி. கை மேலே வந்தது; பெர்ல் அலறினாள். வெர்னா டார்ச்சோடு உள்ளே ஓடியபோது, ஓரத்து நாற்காலியில் இருந்த ஒரு தடித்த மனிதர் அவள் பாவாடையைப் பிடித்து நிறுத்தினார்.

"நர்சம்மா... நெஞ்சு..."

நெற்றியெல்லாம் வேர்வை. கில்ராய் தன்னிடம் சொல்லாமல் இன்னொரு ஆளையும் ஏற்பாடு செய்துவிட்டார் என்றுதான் வெர்னா நினைத்தாள். பெர்லைவிட நன்றாகவே செய்கிறாரே! குனிந்து அவர் காதோடு சொன்னாள்: "கொஞ்சம் பொறுங்க. மொதல்ல அவளத் தூக்கிட்டுப் போயிடறோம். ஒரே நேரத்துல ரெண்டு பேரு விழுந்தா எவனும் நம்பமாட்டான்." சொல்லிச் சிரித்தாள். அவர் விரல்களைப் பிரித்துவிட்டுப் போனாள்.

திரும்பி வந்தபோது அவர் அதே இடத்தில் இருந்தார். முகத்தில் டார்ச் அடித்தாள். கண்கள் திறந்திருந்தன, இமைக்கவில்லை. குப்பியைத் திறந்து மூக்கடியில் பிடித்தாள். அவளுக்கே கண்ணில் நீர் வந்தது, அவர் அசையவில்லை. திரையில் ஏரிப்பிணம் படியேறி வந்துகொண்டிருந்தது. கொட்டகை முழுக்க ஒரே கூச்சல். வெர்னாவும் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

"நான் சிரிச்சேன் சார். அந்த மனுஷன் நெஞ்சப் பிடிச்சுக்கிட்டுக் கூப்புட்டாரு. நான் சிரிச்சேன்" என்று கில்ராயிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"டாக்டர் வந்திருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது. வீட்டுக்குப் போய்ப் படு."

திங்கட்கிழமை, உடுப்பை மடித்துக் காகிதத்தில் சுற்றித் திருப்பிக் கொடுக்கப் போனாள். வாசலில் ஆளுயரப் பலகை ஒன்று புதிதாக நின்றது. "இந்தப் படம் பார்த்துப் பயத்தில் ஒருவர் உயிர்விட்டார்! உங்களுக்குத் தைரியம் உண்டா?" வரிசை தெருமுனையைத் தாண்டிப் போயிருந்தது.

டிக்கெட் ஜன்னலருகே கறுப்பு உடையில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். செத்துப்போன ஹோமர் டட்டிலின் மனைவி ஐடா. "எங்க வீட்டுக்காரரப் பாத்துக்கிட்ட நர்ச நான் பாக்கணும்" என்றாள். கில்ராய் வெர்னாவைப் பார்த்து வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார்.

"நான்தாம்மா" என்றாள் வெர்னா.

ஐடா அவள் கையைப் பற்றிக்கொண்டாள். "கடைசி நேரத்துல ஒரு நர்சு பக்கத்துல இருந்தாங்கன்னு சொன்னாங்க. அது ஒண்ணுதாம்மா எனக்கு ஆறுதல். நீ நல்லா இருக்கணும்."

அந்தக் கையைத் தாங்க வெர்னாவால் முடியவில்லை. வரிசை முழுக்கக் கேட்க எல்லாவற்றையும் சொன்னாள். தான் நர்ஸ் இல்லை என்பதையும், அவர் நடிக்கிறார் என்று நினைத்ததையும், சிரித்ததையும் விடவில்லை.

ஐடா கையை விட்டுவிட்டாள். அழவில்லை, அடிக்கவில்லை. "உன் உடுப்ப நம்பித்தானே அவரு உன்னக் கூப்பிட்டாரு?" என்றாள், அவ்வளவுதான்.

அப்போது வரிசையிலிருந்து ஒருவன் கெக்கலித்தான். "டேய், இதுவும் நாடகம்டா! அந்தக் கறுப்பு டிரஸ்காரியும் இவங்க ஆளுதான்!" இரண்டு பேர் கை தட்டினார்கள். பிறகு வரிசையே கை தட்டியது. ஐடா அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள், யாராவது நிறுத்துவார்களா என்பதுபோல. வெர்னா "இல்லைங்க, நெஜம், நெஜம்!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். கைதட்டல் இன்னும் பலத்தது. கில்ராய் தடுக்கவில்லை, ஜன்னலைத் திறந்து டிக்கெட் கொடுக்கச் சொன்னார்.

அடக்கத்தன்று வெர்னா கல்லறைத் தோட்டத்தின் கடைசியில் போய் நின்றாள். ஐடா அவளைக் கண்டாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதன்பின் அவர்கள் சந்திக்கவில்லை. பெர்லுக்கு அலறுவதற்கென்றே ஸ்டூடியோவில் வேலை கிடைத்தது. வெர்னா சான் பீட்ரோ துறைமுகத்தில் மத்தி மீனை டின்னில் அடைக்கும் ஆலையில் சேர்ந்து, அங்கேயே வலை பழுது பார்க்கும் ஒருவரை மணந்துகொண்டாள்.

பல வருஷம் கழித்து ஒருநாள், மீன் வாடை போகக் கை கழுவிக்கொண்டிருந்தவள், திடீரென்று கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கை துடைக்கத் துண்டை எடுத்து நீட்டினார்.

"நீ என்ன செஞ்சிருந்தாலும் அவரு பொழச்சிருக்க மாட்டாரு, வெர்னா."

"தெரியும்" என்றாள். "ஆனா தனியாச் செத்திருக்க மாட்டாரு."