மறந்த இடத்தில் கைத்தட்டல்

வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்றுதான் பெயர். அக்கா பெரியவள், இவள் சின்னவள். அதற்கு மேல் பெயர் சொல்லிக் கூப்பிட அங்கே யாருக்கும் பொறுமையில்லை. அப்பா, வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்கும் லாரி ஓட்டினார். ஒரு முறை ஒரு குடும்பத்தின் பியானோ புதுவீட்டு மாடிப்படியில் ஏறவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. "நீங்களே எடுத்துட்டுப் போங்கப்பா" என்று அவர்கள் தலைமுழுகிவிட்டார்கள். அப்பா அதை முன்னறையில் கொண்டுவந்து இறக்கினார். ஜன்னலில் பாதி மறைந்தது. அம்மா பல நாள் அவருக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. சின்னவள் மட்டும் அதன் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

முறையாக இசை படித்துப் பட்டமும் வாங்கினாள். ஆனால் தனியாக மேடையேறும்படி யாரும் அழைக்கவில்லை. மேல்நாட்டு பாலே கற்றுத்தரும் ஒரு நடனப் பள்ளியில் வேலை கிடைத்தது. பிள்ளைகள் சுவரோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கி இறக்க, இவள் மூலையில் இருந்து வாசிக்க வேண்டும். நடன ஆசிரியை தரையைத் தட்டித் தட்டிக் கத்துவாள்.

"ஏம்மா, தூங்கறியா? வேகமா!"

இவள் வேகமாக வாசிப்பாள். "ரயிலைப் பிடிக்கவா போறே? மெதுவா!" என்றால் மெதுவாக வாசிப்பாள். இப்படியே வருஷங்கள் ஓடின. அதில் அவளுக்குக் குறையொன்றும் இல்லை. எல்லாரும் பிள்ளைகளின் கால்களைப் பார்த்துக்கொண்டிருக்க, தன்னை யாரும் பார்க்காமல் வாசிப்பது அவளுக்குப் பிடித்திருந்தது.

அங்கே மகளைக் கூட்டிப்போக வரும் ஒருவர் சின்ன இசை நிறுவனம் ஒன்றை நடத்தினார். மகளை விட்டுவிட்டு இவளைக் கவனித்திருக்கிறார். "நீங்க தனியா ஒரு ஆல்பம் பண்ணுங்களேன்" என்றார். கேலி என்றுதான் முதலில் நினைத்தாள். அவர் ஒலிப்பதிவுக் கூடத்தை வாடகைக்குப் பிடித்து, ஒலிப்பதிவாளரையும் கொண்டுவந்து நிறுத்திய பிறகுதான் நம்பினாள்.

பதிவு நன்றாகவே போனது. கடைசியாக ஒரே ஒரு பாட்டு பாக்கி. மெதுவானது, சின்னது, கஷ்டமே இல்லாதது. பாதியில் வலது கை மேலே ஏறி, ஒரு கட்டையில் நின்று, அடுத்ததற்கு இறங்க வேண்டும். கை ஏறியது. நின்றது. அடுத்தது வரவில்லை. மண்டை துடைத்துவைத்த பாத்திரம்போல் ஆகிவிட்டது. கையை அந்தரத்தில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். நெஞ்சு அடித்துக்கொள்ளும் சத்தம் மைக்கில் விழுந்துவிடுமோ என்று பயந்தாள். பிறகு எங்கிருந்தோ நினைவு வந்தது. வாசித்து முடித்தாள்.

"மன்னிச்சுக்கோங்க. மறுபடி வாசிச்சுடறேன்."

ஒலிப்பதிவாளர் காதிலிருந்ததைக் கழற்றினார். "வேண்டவே வேண்டாம். என்ன பண்ணீங்க அங்க? எனக்குப் புல்லரிச்சுப் போச்சு."

"ஒண்ணும் பண்ணலைங்க. மறந்துட்டேன்."

"அப்ப மறந்ததே நல்லது. அப்படியே இருக்கட்டும்."

நிறுவனக்காரரும் தலையாட்டினார். சொன்னபடி வாசித்தே பழகியவள், சரி என்றாள்.

ஆல்பம் வெளிவந்தது. வானொலியில் ஒருவர் அந்தப் பாட்டை ஒலிபரப்பிவிட்டு, சில நொடி தானும் பேசாமல் இருந்தாராம். ஒரு விமர்சகர், அந்த மௌனத்துக்காகவே இதை வாங்கலாம் என்று எழுதினார். அவ்வளவுதான், தீ பற்றிக்கொண்டது. அழைப்புகள் வந்தன. அவற்றைச் சமாளிக்க ஒரு மேனேஜர் வந்தார். நல்ல மனிதர், சுறுசுறுப்பானவர், தூக்கத்தில்கூட தேதி கொடுக்கிறவர். அவர் நீட்டிய ஒப்பந்தத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள். நடனப் பள்ளி வேலையை விட்டாள்.

ஊர் ஊராகக் கச்சேரி. எல்லா இடத்திலும் கடைசியில் அந்தப் பாட்டு. அந்த இடம் நெருங்கும்போதே அரங்கம் நிமிர்ந்து உட்காரும். இருமுகிறவர்கள் முன்கூட்டியே இருமி முடித்துக்கொள்வார்கள். அவள் கையைத் தூக்கி நிறுத்துவாள். அடுத்த கட்டை எதுவென்று அவளுக்கு நன்றாகத் தெரியும். விரல் அதற்காகத் துடிக்கும். ஆனாலும் தெரியாதவள்போல் உட்கார்ந்திருக்க வேண்டும். வெளியிலிருந்து பூட்டிய அறைக்குள் நிற்பதுபோல் மூச்சு முட்டும்.

ஒரு கச்சேரியில் பொறுக்க மாட்டாமல், இசைத்தாளில் உள்ளபடி நிறுத்தாமல் வாசித்துவிட்டாள். கைத்தட்டல் மழை தூறி நின்றதுபோல் நின்றது. மேனேஜர் பின்னறைக்கு ஓடிவந்தார்.

"என்ன மேடம் இது? இலை போட்டு எல்லாம் பரிமாறிட்டு உப்பு போடலைன்னா எப்படி?"

"தாள்ல அப்படித்தாங்க இருக்கு."

"தாளைக் கேக்கவா ஜனங்க வர்றாங்க? உங்களைக் கேக்க வர்றாங்க."

உண்மையைச் சொல்லிவிட்டால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தாள். பேட்டி எடுக்க வந்த பத்திரிகைக்காரியிடம் உடைத்தே சொன்னாள்: "அது கலையும் இல்லை, ஒண்ணும் இல்லைம்மா. எனக்கு மறந்துபோச்சு. அவ்வளவுதான்." அந்தப் பெண் கண்கலங்கிவிட்டாள். 'தன்னையே மறந்து வாசிப்பவர்' என்று தலைப்புப் போட்டு அரைப் பக்கம் எழுதினாள். அடுத்த கச்சேரியில் நிற்கவும் இடமில்லை.

ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் நடனப் பள்ளிக்குப் போனாள். "இன்னிக்கு ஒரு வகுப்புக்கு நான் வாசிக்கட்டுமா?" என்று கேட்டாள். ஆசிரியை பதறியடித்து நாற்காலியைத் துடைத்தாள். சின்னவள் வாசிக்க ஆரம்பித்தாள். ஒரு காலும் அசையவில்லை. திரும்பிப் பார்த்தாள். பிள்ளைகள் எல்லாரும் சம்மணம் போட்டு வரிசையாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஆடச் சொல்லுங்களேன்."

"ஐயோ, நீங்க வாசிக்கும்போது எப்படி மேடம்?" என்றாள் ஆசிரியை. 'மேடம்' என்ற அந்தச் சொல் சின்னவளைச் சுட்டது. பாதியில் எழுந்து வந்துவிட்டாள்.

அதன்பின் பெரிய அரங்கம் ஒன்றில் கச்சேரி. பெரியவள் அன்றுதான் முதல்முறையாகக் கேட்க வந்திருந்தாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவளுக்கு விடுமுறை கிடைப்பது குதிரைக்கொம்பு. அந்த இடம் வந்தது. சின்னவள் கையைத் தூக்கினாள். வழக்கம்போல நடித்துக்கொண்டே இருந்தவள் இறங்கப் பார்த்தாள். கட்டை வரவில்லை. இப்போது நிஜமாகவே வரவில்லை. வெள்ளையும் கறுப்புமாக எல்லாம் ஒரே பல்வரிசையாகத் தெரிந்தன. கழுத்தில் வேர்வை இறங்கியது. அரங்கத்தில் ஒருவர்கூட அசையவில்லை. யாராவது இருமினால்கூடத் தெளிந்துவிடலாம்போல இருந்தது. ஒருவரும் இருமவில்லை. கடைசியில் கை போன இடத்தில் போய் விழுந்தது. பாட்டின் முடிவுக்குப் பக்கத்தில் எங்கேயோ. அப்படியே வாசித்து முடித்தாள். அரங்கம் மொத்தமும் எழுந்து நின்று தட்டியது.

பின்னறையில் குலுங்கிக் குலுங்கி அழுதாள். மேனேஜர் எட்டிப் பார்த்து, "சந்தோஷத்துல அழறாங்க, விடுங்க" என்று கதவைச் சாத்திவிட்டுப் போனார். பெரியவள் மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மறந்துட்டே, இல்லே?"

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். "உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"சின்ன வயசுல பொய் சொல்லி மாட்டிக்கிட்டா இப்படித்தான் காது சிவக்கும் உனக்கு. விட்டுட்டு வந்துடுடி."

"வந்து என்ன பண்ணட்டும்க்கா? பள்ளிக்கூடத்துலயும் இனிமே எனக்கு இடமில்லை. இதை விட்டா எனக்கு வேற என்ன தெரியும்?"

பெரியவள் இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள். தங்கையின் தலையைக் கோதிக்கொண்டே இருந்தாள்.

சின்னவள் விடவில்லை, விட முடியவில்லை. இரண்டாவது ஆல்பமும் வந்தது. அதில் எங்கும் அவள் நிறுத்தவில்லை. நன்றாக இருக்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள், பழையதையே கேட்டார்கள். ஒன்றில் மட்டும் பிடிவாதமாக நின்றாள். இனி மனப்பாடமாக வாசிக்க மாட்டேன், தாள் வேண்டும், அதைத் திருப்ப அக்கா வேண்டும் என்றாள். தனியாக மேடையேறுகிற யாரும் தாள் வைத்துக்கொள்வதில்லை என்று மேனேஜர் தலைதலையாக அடித்துக்கொண்டார். அவள் மசியவில்லை.

பெரியவள் மருந்துக்கடை வேலையை விட்டுவிட்டாள். அவளுக்கு இசைத்தாளில் ஒரு புள்ளிகூடப் படிக்கத் தெரியாது. தங்கை தலையசைத்தால் எழுந்து திருப்புவாள். மௌனம் வரும் பக்கத்தில் மட்டும், திருப்பிவிட்டு உட்காராமல் நிற்பாள். அரங்கம் மூச்சைப் பிடித்திருக்கும்போது உதடு அசையாமல் முணுமுணுப்பாள்.

"போதும்டி. வாசி."

சின்னவள் வாசிப்பாள்.

ஒரு நாள் மேனேஜர் பெரியவளை ஓரமாகக் கூப்பிட்டார். "அந்த மௌனம் வரவரக் குறைஞ்சுக்கிட்டே வருதுங்க. ஜனங்க கேக்கறாங்க."

"எனக்குக் கால் வலிக்குதுங்க" என்றாள் பெரியவள்.