டென்மார்க்கில் நான் ஏறிய இரண்டு மலைகள்

கிளிநொச்சி விழுந்த அந்தக் குளிர்காலத்தில், டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரில் இருந்த எங்கள் வீட்டு வரவேற்பறை ஒரு போர்த் தலைமையகமாக மாறியிருந்தது. வேலை முடிந்ததும் என் கணவரின் கூட்டாளிகள் வந்துவிடுவார்கள். தொலைக்காட்சியில் செய்தி ஓடிக்கொண்டே இருக்கும். தேநீர் மேசையில் விரிந்த வன்னியில் சீனிப் போத்தல்தான் பரந்தன். பிஸ்கட் தட்டு முல்லைத்தீவு. என் தேநீருக்குச் சீனி எடுக்கக் கை நீட்டினால், "கொஞ்சம் பொறுங்கோ அக்கா, அதை இப்ப அசைக்கேலாது" என்பார்கள். அந்த மாதம் முழுக்க நான் சீனியில்லாமல்தான் குடித்தேன்.

என் அண்ணன் குடும்பம் அப்போது சண்டை நடந்த வன்னிக்குள் இருந்தது. அவர்கள் பின்னர் உயிரோடு வெளியே வந்தார்கள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு எனக்கு அது தெரியாது. தொலைபேசி அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம். முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் நேரத்தில் மட்டும்தான் ஒழுங்காக மூச்சு விட்டேன்.

அங்கே என்னோடு வேலை செய்த டேனிஷ்காரி ஒருத்தி, ஒருநாள் கோப்பி குடிக்கும்போது என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சனிக்கிழமை வீட்டில இருக்காதை. மலை ஏறப் போ" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் பிறந்த யாழ்ப்பாணம் தோசைக்கல் மாதிரித் தட்டை. வந்து சேர்ந்த நாடும் அதே தட்டை. ஆனால் டேனிஷ்காரர்கள் நிலம் கொஞ்சம் வீங்கினாலே அதற்கு மலை என்று பெயர் வைத்துவிடுவார்கள். அவள் வரைபடமொன்றை விரித்து, சில்க்கபோ பக்கத்து ஏரியொன்றின் கரையில் இரண்டு இடங்களைத் தொட்டுக் காட்டினாள். "ரெண்டுக்கும் பாதை கிடையாது. பனிக்குள்ள ஒருத்தரும் போகமாட்டினம்."

ஒருத்தரும் போகமாட்டார்கள் என்ற அந்த வார்த்தைதான் என்னைப் பிடித்தது.

சனிக்கிழமை காலை கணவர் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தார்.

"இஞ்சேரும், எங்க வெளிக்கிட்டிட்டீர்?"

"மலை ஏறப் போறன்."

"ஆரோட?"

"தனிய."

செய்தி வாசிப்பவரை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "டென்மார்க்கில மலை எங்க கிடக்கு?"

மகள் தன் அறைக்குள் இருந்து டேனிஷில் கத்தினாள்: "மோர், அது மலையில்லை, வெறும் மேடு!" டேனிஷில் அம்மாவை மோர் என்றுதான் கூப்பிடுவார்கள். பேசத் தொடங்கிய நாளிலிருந்து அவளுக்கு நான் மோர்தான். இவ்வளவு காலத்தில் நன்றாகப் புளித்தும் போய்விட்டேன்.

கணவர் தடுக்கவில்லை. "விறைச்சுப் போவீர். என்ர வேலை உடுப்பைப் போட்டுக்கொண்டு போம்" என்றார். வீதி திருத்தும் வேலைக்கு அவர் போடும் செம்மஞ்சள் உடுப்பு அது. என்னோடு இன்னொருத்தியையும் உள்ளே ஏற்றிக்கொள்ளும் அளவு பெரியது. காலை மடித்து, கையை மடித்து, இடுப்பில் ஒரு கயிறு கட்டி, பையில் ரொட்டியும் சம்பலும் வைத்துக்கொண்டு புறப்பட்டேன். இரண்டாவது பஸ்ஸின் சாரதி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எந்த ரோட்டை மறிக்கப் போறீங்கள்?" என்று கவலையோடு கேட்டார்.

முதலாவது மலையில் ஊசியிலை மரக்கன்றுகளை மிக நெருக்கமாக நட்டிருந்தார்கள். நிமிர்ந்து நடக்க முடியவில்லை. குனிந்தால் முட்பற்றை முகத்தைக் கீறியது; நிமிர்ந்தால் கிளையில் இருந்த பனி முழுவதும் கழுத்துக்குள் இறங்கியது. கடைசியில் தவழ்ந்துதான் போனேன். ஒரு பள்ளத்தில் இடுப்புவரை புதைந்து, சப்பாத்து ஒன்றைப் பனிக்குள் விட்டு, கையை விட்டுத் துழாவி எடுத்தேன்.

ஏறியதைவிட உச்சியைக் கண்டுபிடித்ததுதான் பெரும்பாடு. மேலே எல்லாமே ஒரே மட்டம். எந்த இடம் உயரம் என்று தெரியாததால், சந்தேகமாக இருந்த ஒவ்வொரு திட்டிலும் ஏறி நின்றேன். கடைசியாக ஒரு மரக்குற்றியிலும் ஏறி நின்றேன். அங்கிருந்து தெரிந்தவை மரங்கள். மரங்களுக்குப் பின்னால் வேறு மரங்கள்.

அந்தக் குற்றியில் இருந்து ரொட்டியைச் சாப்பிடும்போது அழுகை வந்தது. வீட்டில் அழுதால் எல்லோரும் செய்தி ஏதோ வந்துவிட்டதென்று பதறுவார்கள். அங்கே கேட்க ஆளில்லை. வாயைத் திறந்து, சத்தம் போட்டு, வேண்டியமட்டும் அழுதேன். பிறகு மூக்கைத் துடைத்துவிட்டு மற்ற ரொட்டியையும் சாப்பிட்டேன். சம்பல் நல்ல உறைப்பு.

இரண்டாவது மலைக்குப் போகும் வழியில் ஒரு கம்பிவேலி இருந்தது. கடக்கும்போது கணவரின் உடுப்பு பின்பக்கம் கிழிந்தது. மலை சிறியது, ஆனால் செங்குத்து. மரவேர்களைப் பிடித்துப் பிடித்து ஏறி, உச்சியில் மூச்சு வாங்கி நின்றபோது, கீழே எங்கேயோ ஒரு ஊதுகுழல் சத்தம் கேட்டது. திரும்பினேன். பற்றைக்குள் இருந்து ஒரு மான் எழும்பியது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு ஒரு கூட்டமே எழும்பியது. என்னைக் கண்டு அவை பயந்ததைவிட, அவற்றைக் கண்டு நான்தான் கூடப் பயந்தேன்.

"ஐயோ அம்மா!" என்று கத்தியபடி பின்னால் கால் வைத்தேன். அங்கே கால் வைக்க மலை இல்லை. இருந்த இருப்பிலேயே சறுக்கிக்கொண்டு இறங்கினேன். எனக்கு முன்னால் மான்கள் ஓடின. பின்னால் நான் மாதாவையும் சகல புனிதர்களையும் கூப்பிட்டுக்கொண்டு போனேன். பக்கத்தில் எங்கோ இரண்டு வெடி கேட்டது. அதோடு புனிதர்களின் பெயர்களும் மறந்துபோயின.

அடிவாரத்தில் ஒரு பெரிய சப்பாத்துக்கு முன்னால் போய் நின்றேன். சப்பாத்துக்கு மேலே துவக்கோடு ஒரு கிழவர். அவருக்குப் பின்னால் வரிசையாக வேறு வேட்டைக்காரர்கள். எல்லோருடைய முகமும் வெளிறியிருந்தது.

"நல்லகாலம் செம்மஞ்சள் உடுப்பு" என்றார் கிழவர். துவக்கைத் தோளில் மாட்டினார். பிறகு டேனிஷில் மெதுவாகக் கேட்டார்: "மான் கலைக்கிற ஆக்களோட வந்தனீங்களா? அவையள் இன்னும் வெளிக்கிடேல்லையே."

"இல்லை. நான் மலை ஏற வந்தனான்."

"எந்த மலை?"

"இந்த மலை."

வேட்டைக்காரர்கள் அத்தனை பேரும் திரும்பி அந்த மலையைப் பார்த்தார்கள். குளிர்காலம்தோறும் அதன் கீழேதான் நிற்கிறார்களாம். அப்படியொன்று அங்கே இருப்பதை அன்றுதான் கவனித்தவர்கள் போலப் பார்த்தார்கள்.

"இது தனியார் காடு. பாதையை விட்டு நடக்கக்கூடாது" என்றார் ஒருவர்.

"பாதையே இல்லையே" என்றேன்.

கிழவர் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். காலையிலிருந்து ஒரு மான்கூட வெளியே வரவில்லையாம். என்னால் இரண்டு விழுந்திருந்தன. எனக்குப் பட்டாணி சூப் ஊற்றித் தந்தார்கள். என் உடுப்பின் கிழிசலை யாரோ ஒட்டுநாடாவால் ஒட்டிவிட்டார். கலைத்து வருபவர்களுக்குப் பங்கு கொடுப்பது வழக்கம் என்று சொல்லி, மான் தொடை ஒன்றைப் பையில் போட்டுத் தந்து, கிழவரே என்னை வீடுவரை காரில் கொண்டுவந்து விட்டார்.

நான் உள்ளே போனதும் எல்லோரும் தொலைக்காட்சியை விட்டுவிட்டு எழும்பினார்கள். தலையில் சருகு, முகத்தில் கீறல், கையில் இரத்தம் கசிந்த பை.

"என்னப்பா நடந்தது?" என்று பதறினார் கணவர்.

"மான்" என்றேன்.

அன்றிரவு அந்த மனுசர்கள் எல்லோரும் குசினிக்குள் நின்று, மிளகு கூடப் போடுவதா, தேங்காய்ப்பால் விடுவதா என்று சண்டை பிடித்தார்கள். கறி நன்றாகவே வந்தது.

மறுநாள் காலை படுக்கையிலிருந்து எழும்பவே முடியவில்லை. எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டியபடி ஒவ்வொரு படியாகப் பின்பக்கமாக இறங்கினேன். கீழ்வீட்டு டேனிஷ்காரர் கதவைத் திறந்து, என்ன நடந்தது என்று கேட்டார்.

"நேற்று ரெண்டு மலை ஏறினனான்."

"ஓ, நோர்வேக்குப் போனீங்களா?"

"இல்லை. இஞ்ச, டென்மார்க்கிலதான்."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். எனக்கு முன்னால் போய், வெளிக்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.