அது உப்பில்லை, கால்சியம்

அப்பாவும் மகளும் சேர்ந்து கடைசியாகச் செய்த வேலை, குளியலறை ஹீட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தது. அவர் முப்பத்தைந்து வருடக் குழாய்க்காரர். அவள் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். ஞாயிற்றுக்கிழமை எப்போதாவது வருவாள். உள்ளிருந்த கம்பிச்சுருளில் விரல் தடிமனுக்கு வெள்ளையாகப் படிந்திருந்தது. அவர் சுரண்ட, அவள் டார்ச் பிடித்தாள்.

"எவ்வளவு உப்பு பாரு. விட்டா குழாயையே அடைச்சிடும்" என்றார்.

"அது உப்பில்லப்பா, கால்சியம்."

கை நின்றது. "டாக்டர் எனக்குக் குடுக்கிறாரே, அதுவா?"

"அதேதான். உங்களைச் சுரண்ட எந்த ஸ்பேனர்னுதான் தெரியல."

அவர் சிரித்தாரா என்று அவளுக்கு இப்போது நினைவில்லை.

அவருக்குத் தைராய்டு அறுவை சிகிச்சை முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ரத்தத்தில் கால்சியத்தின் அளவைக் காக்கும் சின்னச் சுரப்பிகளும் அதில் பெரும்பாலும் போய்விட்டன. தினம் மூன்று கால்சியம் மாத்திரை போட்டே ஆக வேண்டும். எலும்புக்கு மட்டுமல்ல; தசை அசைய, இதயம் துடிக்க அது வேண்டும். இதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அவரிடம்தான் சொல்லவில்லை.

பிறகு போனில், விரல் மரத்துப்போகிறது, ஸ்பேனர் நழுவுகிறது என்றார். மாத்திரை போடுகிறீர்களா என்று கேட்டாள். ஒரு வேளைகூடத் தவறவில்லை என்றார். வேலையைக் குறைக்கச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ஒரு திங்கட்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். இதயம் நின்றுவிட்டது என்றார்கள்.

பத்து நாள் கழித்து எதிர்வீட்டுத் தையல்காரம்மா தயங்கித் தயங்கி வந்து நின்றார்.

"கேக்கவே வாய் வரலம்மா. குழாய்க்கு வாஷர் எடுத்து வச்சிருக்கேன்னு சொல்லியிருந்தார். பக்கெட்டை மாத்தி மாத்தி வச்சு ஓட்டிட்டிருக்கேன்."

மகள் கருவிப்பெட்டியைத் திறந்தாள். வாஷர் போட்டுவைக்கும் தகர டப்பா கனத்தது. உள்ளே வெள்ளை மாத்திரைகள், அட்டையிலிருந்து பிரித்துப் போட்டவை. மகள் வந்தால் அட்டையைத்தான் பார்ப்பாள் என்று அவருக்குத் தெரியும்.

எண்ணினாள். அறுபத்துமூன்று. நாளுக்கு மூன்று. இருபத்தொரு நாள். அவர் சரிந்த திங்களிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டாள். ஹீட்டரைக் கழற்றிய ஞாயிற்றுக்கு மறுநாளில் போய் நின்றது.

ஊரார் குழாய் அடைபடாமல் பார்த்துக்கொண்டவர், தன் ரத்தக்குழாயையும் காப்பாற்றப் பார்த்திருக்கிறார்.

"கிடைச்சுதாம்மா?" என்றார் தையல்காரம்மா.

மாத்திரைகளுக்கு அடியில், தாளில் சுற்றிய இரண்டு வாஷர்கள். தாளின் மேல் அவருடைய கோணல் எழுத்து: 'தையலம்மா வீட்டுக் குழாய். திங்கள்.'