மூன்று மாத ஊசியும் கோயில் மாலையும்

மேனுகா வாழைநார் கிழித்துக்கொண்டிருந்தாள். நகத்தால் ஒரு கீறல், பிறகு ஒரே இழுவை. எதிரே பாயில் மல்லிகை குவிந்து கிடந்தது. அதை அவள் தொடவில்லை. அவளுக்குத் துடக்கு. மாதவிலக்கு நாளில் கோயில் பூவைத் தொடக்கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம்.

வீடு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில். பக்கவாதத்தில் படுத்திருக்கும் நாகேந்திரத்தைக் கழுவித் துடைத்துத் திருப்பிப் படுக்கவைக்க நான் அங்கே போய்வருகிறேன். அவருடைய மனைவி பாலேஸ்வரி, கோயில் வாசல் கடைக்கு மாலை கட்டிக் கொடுப்பவர். மேனுகா அவர்களின் மருமகள். வயது பத்தொன்பது. போன வருடம்தான் அவர்களின் மகன் ஜனாவைக் கட்டி வந்தாள். வேகமான கை, அவள் வந்தபின் கடைக்குப் போகும் மாலை இரண்டு மடங்கானது.

பிறகு இந்தத் துடக்கு வந்தது, போகவில்லை. கொஞ்சம் இரத்தம் படும், நிற்கும். தலைமுழுகிவிட்டுப் பூவில் உட்காருவாள். மறுநாளே திரும்பவும் படும். எழுந்துவிடுவாள். முழுகி முழுகித் தடிமன் பிடித்து எப்போதும் தும்மல். தலையிடி வேறு. சாப்பாடு கூடவில்லை, சட்டை மட்டும் இறுகியது.

"ஊரில பெட்டையள் கலியாணம் கட்டி முழுகாமல் இருக்குதுகள். இது மாசம் முழுக்க முழுகுது" என்றார் பாலேஸ்வரி, எனக்குச் சொல்வதுபோல அவளுக்கு.

நான் வாளியைக் குளியலறைக்கு எடுத்துப் போனபோது மேனுகா பின்னால் வந்தாள்.

"அன்ரி, எனக்குக் கான்சரோ?"

"ஏதும் மருந்து எடுக்கிறியோ?"

வாசலைத் திரும்பிப் பார்த்தாள். "மூண்டு மாச ஊசி போட்டனான். பிள்ளை தங்காமல் இருக்க. ஜனாவுக்கு மட்டும்தான் தெரியும். நேர்ஸிங் படிக்க விண்ணப்பம் போட்டிருக்கிறன், இப்ப பிள்ளை வேண்டாம். நாளைக்கு அடுத்த ஊசி. போட்டால் இது கூடுமோ? போடாட்டில் பிள்ளை தங்கிடுமோ?"

"கிளினிக்கில ஒண்டும் சொல்லயில்லையோ?"

"மருத்துவிச்சி மிஸ் சிங்களத்தில வேகமாச் சொன்னா. நான் எல்லாத்துக்கும் 'ஹரி மிஸ்', சரி மிஸ் எண்டு தலையாட்டிப்போட்டு வந்திட்டன்."

அந்த ஊசி போட்டால் முதல் மாதங்களில் இப்படிப் படுவது வழக்கம் என்று நோயாளர் பராமரிப்புப் பயிற்சியில் எனக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். இவளுக்கு வந்திருப்பது அதுதானா, வேறு ஏதுமா என்று வாளியோடு நின்று நான் சொல்ல முடியாது. இரண்டையும் சொன்னேன். அவளுக்குக் குழப்பம் கூடியதுதான் மிச்சம்.

"எந்த ஊசி?" வாசலில் பாலேஸ்வரி.

மேனுகா ஒரு தும்மல் தும்மிவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். நாங்கள் கத்தலை எதிர்பார்த்தோம். பாலேஸ்வரி பூக்காம்பை விரலில் உருட்டிக்கொண்டு நின்றார்.

"அப்ப இது துடக்கோ, மருந்தோ?"

நான் வாளியைக் கீழே வைத்தேன்.

"ஐயரிட்ட இதை என்னெண்டு போய்க் கேக்கிறது? காயமெண்டால் துடக்கில்லை. ஆனால் இது..." நிறுத்தினார். "ஏனடி, என்னட்டச் சொல்லியிருந்தால் உன்ர தலையைக் கடிச்சிருப்பனோ?"

"ஓம் மாமி."

கட்டிலிலிருந்து நாகேந்திரம் ஒரு சத்தம் போட்டார். அது சிரிப்பா, இருமலா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

மறுநாள் காலை மாமியும் மருமகளும் கிளினிக் போனார்கள். மருத்துவிச்சி வேகமாகச் சொன்னபோதெல்லாம் பாலேஸ்வரி தன் உடைந்த சிங்களத்தில் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டாராம். பிரஷர், நிறை பார்த்து, பிள்ளை தங்கவில்லை என்றும் பார்த்து, இரத்தம் சோதிக்க எடுத்தார்கள். ஊசியால் பலருக்கும் இப்படி வரும், போடப் போடக் குறையலாம். இளம் வயதில் இந்த ஊசி எலும்பின் பலத்தைக் குறைக்கலாம், அதையும் கவனிக்க வேண்டும். விரும்பினால் வேறு முறைக்கு மாறலாம் என்றார்களாம். மேனுகா மாத்திரைக்கு மாறினாள். படுவது எப்போது நிற்கும் என்று கேட்டதற்கு, நாள் சொல்ல முடியாது, ஊசி மருந்து உடம்பை விட்டுப் போக வேண்டும் என்று பதில்.

வீட்டுக்கு வந்ததும் பாலேஸ்வரி மல்லிகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஓர்கிட் கூடையை மேனுகாவிடம் தள்ளினார்.

"இது கலியாணக் காருக்கு. காருக்குத் துடக்கில்லை. கட்டு."

மேனுகா அன்றைக்குத் தலைமுழுகவில்லை. காய்ந்த கூந்தலை முடிந்துகொண்டு நாரை எடுத்தாள்.