நான் கட்டிய இரண்டு பொட்டலங்கள்

பழைய அணுமின் நிலையம் ஒன்றை மூடுவதா, இன்னும் சில வருடம் ஓட்டுவதா என்று தொலைக்காட்சியில் நாலு பேர் மல்லுக்கட்டுவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். அந்த நாலு பேரில் ஒருவர்கூட அடுப்பு முன்னால் நின்றவராகத் தெரிவதில்லை. நான் நின்றிருக்கிறேன். அணு உலை இல்லை. குமாரபாளையத்தில் ஒரு சைசிங் மில்லின் பாய்லர். எழுபதுகளின் கடைசியில் அதற்கு நான்தான் பாய்லர்மேன்.

தறிக்குப் போகும் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டு, நீராவியில் காயவைத்துச் சுற்றித் தருவதுதான் சைசிங். பாய்லர் நின்றால் பாவு கிடையாது. பாவு இல்லாவிட்டால் எங்கள் தெருவில் பாதித் தறி நின்றுவிடும். என் மனைவியின் அண்ணன் வீட்டு நாலு தறியும் எங்கள் பாவை நம்பித்தான் ஓடின.

பாய்லருக்கு என்னைவிட வயது அதிகம். எங்கேயோ ஓர் ஆலையில் கழித்துப் போட்டதை முதலாளியின் அப்பா வாங்கி வந்தாராம். அந்த வருடம் சோதனைக்கு வந்த அதிகாரி, அழுத்தத்தைக் குறைத்து இன்னும் ஒரு வருடம் ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ஆனால் சூடு ஆறிக் கிடந்தபோது நான் அடிப்பக்கம் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். மற்ற இடமெல்லாம் கணீரென்றது, ஓரிடம் மட்டும் பொத்தென்றது. தகடு மெலிந்துவிட்டது என்றே நினைத்தேன். அன்றிலிருந்து விறகைத் தள்ளியதும் கதவோரம் போய் நின்றுகொள்வேன்.

முதலாளியிடம் சொன்னேன். “நிறுத்திப் போடலாமுங்க.”

“நிறுத்தறது பெருசில்ல. புதுசு வாறதுக்குள்ள ஊர்ல தறி என்னத்த ஓட்டும்? அதிகாரியே எழுதிக் குடுத்திருக்காரு,” என்றார் அவர்.

நாலு தறிக்கார மச்சான் என் வீட்டுக்கே வந்துவிட்டார். “மாப்ள, தீபாவளி வரைக்கும் ஓட்டிப் போடு. இத்தன வருசம் வெடிக்காதது இப்பத்தான் வெடிக்கப் போவுதா?”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “அப்ப நீங்க வந்து வெறகு போடுங்க மச்சான். நான் போயி உங்க தறிய ஓட்டறேன்,” என்றேன்.

முடிவெடுக்க முடியாத முதலாளி, எங்கள் பக்கத்து வழக்கப்படி மாரியம்மன் கோயிலில் பூ கேட்கலாம் என்றார். வெள்ளை அரளியை ஒரு பொட்டலம், சிவப்பு அரளியை ஒரு பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் வைப்பார்கள். பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் ஓட்டுவது, சிவப்பு வந்தால் நிறுத்துவது என்று பேச்சு. கேட்கிறவர் பொட்டலம் கட்டக்கூடாது என்பதால் முதலாளி என்னைக் கட்டச் சொன்னார்.

தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து வாழை இலையைக் கிழித்தேன். எனக்குச் சாமி பயம் உண்டு. பாய்லர் பயம் அதைவிட அதிகமாக இருந்தது. இரண்டிலும் சிவப்பையே வைத்துக் கட்டினேன். யாராவது வருகிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்ததில் ஒரு முடிச்சை மூன்று தடவை போட வேண்டியதாயிற்று.

சிவப்பு வந்தது. கூட்டத்தில் நின்ற மச்சான் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மறுநாளே பாய்லரை அணைத்தோம். புது பாய்லர் வந்து சேர ஏழு மாதம் ஆனது. அதற்குள் மச்சான் இரண்டு தறியை விற்றுவிட்டு, பவானியில் இன்னொருவர் தறிக்குக் கூலிக்குப் போனார்.

பழைய பாய்லரை வெட்டி எடுக்க இரும்புக் கடைக்காரர் வந்த அன்று நான் பக்கத்திலேயே நின்றேன். பொத்தென்று கேட்ட இடத்தைத்தான் முதலில் வெட்டச் சொன்னேன். தகடு கட்டைவிரல் கனத்துக்குத் திடமாக இருந்தது. உள்ளே தண்ணீரின் உப்பு கல்லாகப் படிந்து சத்தத்தை விழுங்கியிருக்கிறது, அவ்வளவுதான். “இன்னும் பத்து வருசம் தாங்கியிருக்குமுங்க,” என்றார் வெட்டியவர். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் திட்டவில்லை.

“இன்னொரு பொட்டலத்த அன்னிக்கே பிரிச்சுப் பாத்துட்டேன்,” என்றார்.

“பின்ன ஏனுங்க கேக்கலீங்க?”

“கேட்டா மறுக்கா பூப் போடோணும். வெள்ள வந்துட்டா உன்னய அந்தப் பாய்லரு முன்னால நிறுத்தோணும். அதுக்கு எனக்கும் தைரியம் இல்லப்பா.” பிறகு, “உன்ற மச்சான்கிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?” என்று கேட்டார்.

இரண்டு பேருமே சொல்லவில்லை. முதலாளி போய்ச் சேர்ந்துவிட்டார். மச்சானுக்கு இப்போது எண்பது வயது. வருடா வருடம் என்னையும் கூட்டிக்கொண்டு அந்தக் கோயிலுக்குப் போகிறார். “தறி போனாப் போவுது மாப்ள, ஆத்தா உன் உசுரக் காப்பாத்திக் குடுத்தாளே,” என்று சொல்லி, எனக்காக அவர்தான் கும்பிடுகிறார்.